கடைசிப் பக்கம்

ரோலா. வங்கித் தெருவுக்குப் பின்சந்து.
ஆகஸ்ட் மாதம். ஏ.சி. ஒழுகும் இடத்தில்
பெயிண்ட் வாளி வைத்திருக்கிறோம்.
டோக்கன் நாற்பத்தேழு என்று கூப்பிட்டேன்.
நிமிரவில்லை. நிமிர்வதில்லை நான்.
டைப்பிங் சென்டர்க்காரனுக்கு
பாஸ்போர்ட் பேசினால் போதும்.

கண்ணாடிக்கு அடியில் நழுவி வந்தது,
உறையில் ஏதோ பல் மருத்துவமனையின் ஸ்டிக்கரோடு.
பெயர்: செசிலி.
என்னைக் கேட்காமலே விரல்கள் அடித்து முடித்துவிட்டன.
பிறந்த ஊர்: மணப்பாடு.
அங்கே நின்றன.

மணப்பாட்டிலேயே மூன்று செசிலி இருக்கலாம்.
இருந்தும் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.
தகப்பன் பெயர். தாயின் பெயர்.
அதற்குக் கீழே
நான்.
சூசைமிக்கேலில் ஓர் எழுத்து குறைவு.
அந்தப் பிழையைத் திருத்தச் சொல்லி நீ நச்சரித்த மாதம்தான்
நான் விமானம் ஏறினேன்.

எட்டு வருடப் பேச்சற்ற காலத்தில்
அலமாரியிலும் கைப்பையிலும்
ஓர் எழுத்து குறைந்தவனைச் சுமந்திருக்கிறாய்.

"எப்ப வந்த?"
படிவத்தில் இல்லாத கேள்வி.
"ரெண்டு வருசமாவுது."
இரண்டு வருடமாக ஒரே ரொட்டிக் கடையில்
முன்னும் பின்னும் நின்றிருப்போம்.
உன் கண்ணாடி புதிது.
காதோரம் நரை. நீ அதை மறைக்கவில்லை.

அப்போதெல்லாம் கார்டு சுரண்டித்தான் போன் பேசுவோம்.
எண்களை அழுத்தியதும் ஒரு பெண்குரல்
இத்தனை நிமிடம் மீதி என்று சொல்லும்,
எனக்கு மட்டும் கேட்க.
அன்றைக்கு நீ அழவில்லை.
"இந்தத் தடவையும் தங்கலைங்க" என்றாய்.
கட்டிலில் சீட்டுக்கட்டு கலைந்து கிடந்தது,
எனக்காகக் காத்திருந்தார்கள்.
"கார்டு முடியப் போவுது" என்று வைத்துவிட்டேன்.
பதினொரு நிமிடம் பாக்கி.
மறுநாள் அதில் தம்பியை அழைத்து
கிரிக்கெட் ஸ்கோர் கேட்டேன்.

திருமண நிலை.
அந்தக் கட்டத்தை முகம் பார்த்துத்தான் கேட்க முடியும்.
கோர்ட்டுக்குப் போகவில்லை நாம்,
பங்குச் சாமியாரிடமும் போகவில்லை.
போனை எடுக்காமல் விட்டதுதான் தீர்ப்பு.
"பழசுல உள்ளத அப்படியே அடிங்க" என்றாய்.
வாளியில் நாலைந்து சொட்டு விழுந்தது.
"பேர்ல உள்ள தப்ப மட்டும் திருத்திருங்க."

"அன்னைக்கு... கார்டுல பதினோரு நிமிசம் இருந்துச்சு."
எட்டு வருடம் வாயில் வைத்திருந்தது
இவ்வளவு சின்னதாகத்தான் வெளியே வந்தது.
"தெரியும்.
முடியப் போற கார்டு 'பீப்'னு சத்தம் போடும்.
அன்னைக்குப் போடல."

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.
நான் அலுவலகக் குரலைத் தேடி எடுத்தேன்:
திருத்தத்துக்குக் கணவரின் பாஸ்போர்ட் நகல் வேண்டும்.
சொன்ன பிறகுதான் விளங்கியது
அது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறதென்று.

முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்தேன்.
எந்திரத்தின் பச்சை வெளிச்சம்
என் புகைப்படத்தை மெதுவாக விசாரித்துப் போனது.
"கடைசிப் பக்கம்?" என்றாய்.

போன வருடம் புதுப்பித்தபோது
அந்த ஒரு கட்டத்தை மட்டும் தாண்டிப் போயிருந்தேன்.
ஆயிரம் பேருக்கு நிரப்பிக் கொடுத்தவன்.
சுடச்சுட வந்த தாளை
கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன்.

வெறுமையாய்க் கிடந்த அந்த இடத்தை
நீ நெடுநேரம் படித்தாய்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.
மறுபடியும் படித்தாய்.

"ஒரு படிவத்துக்கு எவ்வளவு?"
"முப்பது."

நாற்பத்தெட்டாம் டோக்கன்காரன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.
நீ அவசரப்படவில்லை.
ஒரு ஐம்பது. ஒரு பத்து.
மடிப்பை நீவி
கண்ணாடிக்கு அடியில் தள்ளினாய்.